பதினொரு வினாடி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பர் திருத்தித் திருத்தி வந்த கழுத்துவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்பளவில் சுகம்தான்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' போடுவேன். இது 'ம்' போடுகிற விஷயம் இல்லை.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை நான் ஓட்டிய ரயில் ஒரு விபத்தில் மாட்டியது. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவருக்கு இடது கால் போய்விட்டது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சிக்னலைப் பார்த்ததும் ஓட்டுகிறவன் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிற உதவி ஓட்டுநர் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவன் கண் ஏமாந்தாலும் இன்னொருவன் கண் பிடித்துவிடும் என்று ஏற்பாடு. என் உதவி ஓட்டுநருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயரே எதிரொலி. அவன் சிக்னலைப் பார்க்க மாட்டான், என் வாயைத்தான் பார்ப்பான்.

ஒரு வளைவுக்கு முன்னால் இருக்கும் சிக்னல் ஆறு வருஷமாக என் காலை வண்டிக்குப் பச்சைதான். அன்று மஞ்சள். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, அடுத்ததில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். நான் கையை நீட்டி "பச்சை" என்றேன். எதிரொலியும் "பச்சை" என்றான். வளைவு திரும்பியதும் சிவப்பு, அதற்கப்பால் ஆட்கள். பிரேக் போட்டேன். போதவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று வந்தது. விசாரணை ஏப்ரல் நான்காம் தேதி. அதுவரை வேலை கிடையாது. சங்கச் செயலாளர் நேற்று வீட்டுக்கு வந்தார். "வாய் பழக்கத்துல சொல்லிடுச்சு, மனுஷன் மேல தப்பில்லன்னு மனோதத்துவம் படிச்சவங்க யாராவது எழுதிக் குடுத்தா வேலையும் தப்பிக்கும், கேஸும் வராது. இல்லன்னா ஜெயில் வரைக்கும் இழுக்கும். உங்க அக்காவே அந்தப் பாடம்தானே எடுக்கறாங்க?" என்றார்.

கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன்.

உன் தம்பி


பிப்ரவரி 12

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே ஒருமுறை படித்தேன், உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். என் கழுத்து கிடக்கட்டும், அது எங்கேயும் ஓடிவிடாது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? படுத்தால் தூக்கம் வருகிறதா? அதை முதலில் எழுது.

ஒன்றைக் காதில் வாங்கிக்கொள். அதை நீ செய்யவில்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே காரியத்தை இரண்டாயிரம் தடவை செய்தவனுக்கு அது அவன் வசத்தில் இருப்பதில்லை. உன் வாய் அந்த வளைவில் 'பச்சை' என்று சொல்லப் பழகிய வாய். வேறு எதையும் சொல்ல அதனால் முடியாது. 'நான் தீர்மானித்தேன்' என்று நமக்குத் தோன்றுவதெல்லாம், காரியம் முடிந்த பிறகு மனசு போட்டுக்கொள்ளும் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் முன்னாலேயே காரணம் இருக்கிறது.

நம் வீட்டையே எடுத்துக்கொள். தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், நீ குடித்தாய். அம்மா போன பிறகு, பத்து வயதில் உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் படிக்கப் போனேன். நானா தேர்ந்தெடுத்தேன்? விடுதியில் உன்னைச் சேர்க்க மாட்டார்கள், உறவில் உன்னை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. வேறு வழி இருந்ததா சொல். இருக்கவில்லை. அதற்காக நான் என்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் பைத்தியமாகியிருப்பேன்.

விசாரணைத் தாள்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து அனுப்பு, ஒன்றுகூட விடாமல். நான் எழுதுகிறேன்.

கோபித்துக்கொள்ளாமல் இதற்கும் பதில் எழுது. மறுபடி தொடவில்லையே?

பிரியமுள்ள அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் விட்டுவிட்டு வருகிறது. தொடவில்லை. இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. கோபம் இல்லை, நீ கேட்பாய் என்று தெரியும். என் மனைவியும் கேட்டாள். அதிகாரி கேட்டார். பால் ஊற்றுகிறவர் மட்டும்தான் பாக்கி.

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன், மொத்தம் நாற்பத்திரண்டு. பாதி எனக்கே புரியவில்லை.

உன் பாடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். உன் மாணவன் ஒருவன் படிக்காமல் பரீட்சைக்கு வந்து, "படிக்காதது நான் இல்ல மேடம், என் வளர்ப்பு" என்று சொன்னால் மார்க் போடுவாயா?

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா குடித்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எல்லாம் தலையெழுத்துடா" என்பார், ஞாபகம் இருக்கிறதா? நீ குடிக்காமலேயே அதைச் சொல்கிறாய். தலை என்கிற இடத்தில் மூளை என்று போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். கிண்டலுக்குத்தான் எழுதினேன். ஆனால் எழுதி முடித்த பிறகு கிண்டலாக இல்லை. வாய் என்னுடையது இல்லை, குடித்ததும் நான் இல்லை என்றால், குடியை விட்டது யார்? அன்று பாட்டிலைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்து விட்டவன் நான்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் ஆயுளில் நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன், கால் போனவரைப் பார்க்க. மூன்று தடவையும் வாசலில் வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். பழம் வாங்கிக்கொண்டு போனதை நாங்களே தின்றோம்.

உன் தம்பி


மார்ச் 1

அருமைத் தம்பிக்கு,

உன் கடிதமும் தாள்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மகளுக்குச் சளி என்று உன் மனைவி போனில் சொன்னாள். வெந்நீர் குடிக்கச் சொல்.

மார்க் போட மாட்டேன். போடாமல் இருப்பது என் வளர்ப்பு. போதுமா?

அறிக்கை தயாராகிவிட்டது, ஒன்பது பக்கம். சொந்தத் தம்பிக்கு அக்கா எழுதினால் சபையில் நிற்காது. அதனால் எழுதியது நான், கையெழுத்து எங்கள் துறைத் தலைவருடையது. அவர் படித்துப் பார்க்கவில்லை. நான் நீட்டினால் அவர் போட்டுவிடுவார், பல வருஷமாக அப்படித்தான். பழக்கத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக நான் இதுவரை எழுதியதில்லை. படித்தால் உனக்கே நிம்மதியாக இருக்கும்.

கூடவே ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். 'மஞ்சள் விளக்கை நான் காணவில்லை' என்று ஒரே வரி. அதில் நீ கையெழுத்துப் போட்டு, மாதம் முடிவதற்குள் இரண்டையும் சங்கச் செயலாளரிடம் கொடு.

தாள்களில் பதினேழாம் பக்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் எஞ்சின் அதிர்வு என்று சொல். கேட்காவிட்டால் நீயாக வாயைத் திறக்காதே. அறிக்கையில் அதை ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி பக்கம் போகாதே. விசாரணை முடியட்டும்.

பிரியமுள்ள அக்கா


மார்ச் 9

அக்கா,

எல்லாரும் சுகம், சளி விட்டுவிட்டது. அறிக்கை கிடைத்தது, படித்தேன். உங்கள் காலேஜிலும் ஓர் எதிரொலி இருக்கிறார் போலிருக்கிறது.

பதினேழாம் பக்கத்தில் நீ என்ன பார்த்தாய்?

தம்பி


மார்ச் 14

அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் தந்தியைவிடச் சின்னதாக இருந்தது. பரவாயில்லை, நலம் என்று இருந்தால் சரி. கழுத்துக்கு ஒரு புதுத் தைலம் கொடுத்திருக்கிறார்கள். நாற்றம் தாங்கவில்லை, ஆனால் வலிக்குக் கேட்கிறது. மாணவர்கள் முதல் வரிசையைக் காலி செய்துவிட்டார்கள்.

மகளுக்குப் பரீட்சை எப்போது? கணக்கில் தடுமாறினால் என்னிடம் அனுப்பு, விடுமுறையில் இங்கே வந்து இருக்கட்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. செயலாளர் எனக்கே போன் செய்து, இன்னும் வரவில்லையே என்கிறார். வேலை போனால் ரயில்வே வீட்டையும் காலி செய்ய வேண்டும். கேஸ் என்று வந்தால் மகளுக்கு நாளைக்கு யார் பதில் சொல்வது? உன்னை ஒன்றும் கொலை செய்யச் சொல்லவில்லை, ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துத்தான் கேட்கிறேன்.

உடனே பதில் எழுது.

பிரியமுள்ள அக்கா


மார்ச் 29

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர் பதிலே போடவில்லை என்று எனக்கு எழுதியிருந்தீர்கள். அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை அண்ணி, எனக்கும் சேர்த்துத்தான்.

சொல்லக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நீங்கள் அனுப்பிய அறிக்கை வந்த அன்று மாலை அவர் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். மறைக்கவில்லை. மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. மூன்று வாரமாகத் தினம் மத்தியானம் அதை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். பிறகு திருப்பி வைக்கிறார். "கொட்டிடட்டுமா?" என்று கேட்டேன். "நீ தொடாதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இடது கை மேஜை மேல் எதையோ பிடித்து இறக்குகிற மாதிரி அசைகிறது. பிறகு ஏற்றுகிறது. என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. முன்பெல்லாம் எதற்குப் பயப்பட வேண்டும் என்றாவது தெரியும்.

அந்த வாக்குமூலம் அலமாரியில் அப்படியே கிடக்கிறது. நான் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதினால் பொய். உயிரோடு, தெளிவோடு இருக்கிறேன். பாட்டிலைப் பற்றி அவள் எழுதியிருப்பாள். மூடி மூடினபடியே இருக்கிறது.

பதினேழாம் பக்கத்தில் என்ன என்று கேட்டேன். நீ தைலத்தைப் பற்றி எழுதினாய். அப்போதே தெரிந்துவிட்டது, நீ பார்த்துவிட்டாய் என்று. நீ பார்த்ததை நானே எழுதிவிடுகிறேன். வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடி எந்த நொடியில் எங்கே இருந்தது என்று அதில் கோடு போட்டிருக்கிறது. மஞ்சளைத் தாண்டுகிற இடத்தில் அந்தக் கோடு ஒரு படி இறங்குகிறது. இரண்டு நொடி கழித்து மறுபடி ஏறுகிறது. அதிர்வில் இறங்கலாம். அதிர்வில் ஏறாது.

வாய் 'பச்சை' என்றது நிஜமாகவே பழக்கம். அந்த மட்டில் உன் அறிக்கை எழுத்துக்கு எழுத்து சரி. ஆனால் சொல்லி முடிக்கும்போதே கண் பார்த்துவிட்டது. மஞ்சள். கை தானாகக் கைப்பிடியை இறக்கிவிட்டது, பத்தொன்பது வருஷம் பழகிய கை. அதன் பிறகுதான் நான் யோசித்தேன்.

சிக்னல் நிறத்தைத் தப்பாகச் சொன்னால் அதை நானே எழுதிக் கொடுக்க வேண்டும். குடித்த காலத்தில் என் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியிருக்கிறது. இன்னொன்று ஏறினால் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். டாக்டரிடம் அனுப்புவார்கள், வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவள் மறுபடி வாசலில் நின்று என் மூச்சை மோந்து பார்ப்பாள். இவ்வளவும் இரண்டு நொடியில் ஓடியது. எதிரொலியும் பச்சை என்றானே, பச்சையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை, சொல்லிக்கொண்டேன். கைப்பிடியை ஏற்றினேன். இறக்கியது பழக்கம் அக்கா, ஏற்றியது நான். அங்கிருந்து சிவப்பு கண்ணில் படுகிறவரை பதினொரு வினாடி. அந்தப் பதினொரு வினாடியும் பிரேக் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

'இந்நபரின் செயல்கள் அவரது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்றுதான் பாட்டில் வாங்கினேன். எதுவும் என் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் இதுவும் இல்லைதானே, பார்க்கலாம் என்று. தினம் பார்க்கிறேன். தினம் அது மூடியோடுதான் இருக்கிறது.

உன்னைப் பற்றியும் சொல்கிறேன். நீ என்னை விட்டுவிட்டுப் போனதில் எனக்கு உன் மேல் முப்பது வருஷம் மனத்தாங்கல் இருந்தது. குடியை விட்டு ஆறேழு மாதம் ஆன பிறகு, ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது உன்னை மன்னித்தேன். உனக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பெண், பிழைக்க வேண்டும் என்று ஒரு முடிவு எடுத்தாள், எடுக்கட்டும் என்று மன்னித்தேன். நீ என்னவோ, முடிவே எடுக்கவில்லை என்கிறாய். முடிவே எடுக்காதவளை மன்னிக்க என்ன இருக்கிறது?

நாலாம் தேதி நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் கூரியரில் இன்று வந்தது. ஆள் மூலமாக இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

சொல்லாதே.

சொன்னால் கால் முளைக்கப் போவதில்லை. உன் மகளுக்கு அப்பா இருக்க மாட்டார், அவ்வளவுதான் நடக்கும். நான் அறிக்கையில் மூடி எழுதினேன் என்று என் வேலையும் போகலாம். அது போனால் போகட்டும், உனக்காகத்தான் எழுதினேன். ஆனால் நீ உள்ளே போவதை என்னால் பார்க்க முடியாது.

அந்த இரண்டு நொடியில் உனக்கு வந்த பயம் எங்கிருந்து வந்தது? கோப்பில் இருந்த குறிப்பிலிருந்து. குறிப்பு குடியிலிருந்து, குடி அப்பாவிடமிருந்து. எங்கே இருக்கிறாய் நீ இதில்? இழுத்துக்கொண்டு போனால் எல்லாம் நீ பிறக்கும் முன்னால் போய் நிற்கும். கைப்பிடியை ஏற்றியதும் நீ இல்லை என்று புரிந்துகொள்ளேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. எத்தனையோ பேர் எத்தனையோ விஷயத்தைச் சொல்லாமலே நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கழுத்துவலியோடு ரத்த அழுத்தமும் சேர்ந்துவிட்டதாக அவள் சொன்னாள். மாத்திரையை விடாதே.

சொல்லிவிட்டேன்.

நீளமான மேஜை, மூன்று பேர். நடுவில் ஓர் அம்மா. எதிரொலியை முதலில் கூப்பிட்டார்கள். "அவரு சொன்னாரு, நானும் சொன்னேன்" என்றான். "நீங்க பாத்தீங்களா?" என்றதற்கு, "அவரு பாத்திருப்பாருன்னு நெனச்சேன்" என்றான். பிறகு நான். உன் அறிக்கையை அந்த அம்மா பாராட்டிப் பேசினார்கள், இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது என்றார்கள். பதினேழாம் பக்கத்தை யாருமே கேட்கவில்லை. எழுந்து போகலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள்.

நான் எழுந்து நின்று, "பதினேழாம் பக்கத்த எடுங்க மேடம்" என்றேன்.

செயலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தது முதுகில் தெரிந்தது. கோட்டைக் காட்டினேன். இறங்கின இடம், ஏறின இடம், பதினொரு வினாடி. "பாத்தீங்களா, பாத்த மாதிரி இப்ப தோணுதா?" என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார்கள், தப்பிக்க ஒரு சந்து விடுகிற மாதிரி. "பாத்தேன்" என்றேன்.

வேலை போய்விட்டது. கேஸ் போட்டாகிவிட்டது. வக்கீல் ஒன்றரை வருஷம் வரை ஜெயில் ஆகலாம் என்கிறார், குறையவும் செய்யலாமாம். வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கைக்கு உங்கள் துறைத் தலைவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குள் போனேன். அவர் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இருந்தார். யார் என்று சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அவர் தலையணையில் சாய்ந்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ரெண்டு மாசமா வர்றவன் போறவன் எல்லாம், யார் மேலயும் தப்பில்ல, நேரம்னு சொல்லிட்டுப் போறான். அப்ப என் கால் தானாவா கழண்டுச்சு?"

பிறகு திட்ட ஆரம்பித்தார். என் அப்பாகூட என்னை அப்படித் திட்டியதில்லை. நர்ஸ் ஓடி வந்தாள், அவளையும் திட்டி அனுப்பினார். அரை மணி நேரம் திட்டி முடித்துவிட்டு, தண்ணீர் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நாளைக்கும் வா, இன்னும் இருக்கு" என்றார். தினம் போகிறேன். எனக்கு அழுகை வருகிறது, ஆனால் படுத்தால் தூக்கமும் வருகிறது.

பாட்டிலை அவளிடம் நீட்டிக் கொட்டச் சொன்னேன். "வாங்குனது நீங்க, நீங்களே கொட்டுங்க" என்றாள். கொட்டினேன்.

உன் தம்பி


மே 3

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீ, உன் மனைவி, மகள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையை விடாமல் போடுகிறேன்.

துறைத் தலைவரைக் கூப்பிடும் முன்பே நான் போய், எழுதியது நான், பதினேழாம் பக்கத்தை மூடியதும் நான் என்று சொல்லிவிட்டேன். என்னை விடுப்பில் போகச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பக் கூப்பிடுவார்களா தெரியாது. நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வேறொன்று எழுத வேண்டும். நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

உறவில் உன்னை ஏற்றுக்கொள்ள ஆளில்லை என்று உன்னிடம் எப்போதும் சொல்லிவந்தேன். இருந்தது. நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சித்தி எனக்கு எழுதினார். "பையனை என்கிட்ட அனுப்பிடு, என் பிள்ளைங்களோட ஒண்ணா வளரட்டும். அந்த ஆளோட தனியா விடாதே" என்று இருந்தது. பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

நீ வீட்டில் இல்லாவிட்டால் அப்பா என்னைத் தேடிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். விடுதி வாசலில் வந்து நிற்பார், கத்துவார், இழுத்துக்கொண்டு போவார். சமைத்துப் போட, திட்ட, அடிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால் அவர் அங்கேயே இருப்பார். அந்த ஆள் நீயாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தெரிந்தே நினைத்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குச் சோறு போட்டுக்கொண்டே நினைத்தேன். மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, அப்பா சம்மதிக்கவில்லை என்று சித்திக்கு எழுதினேன். சித்தி சாகும்வரை அதை நம்பினார்.

உனக்குப் பதினொரு வினாடி. எனக்கு இரண்டு முழு நாள் இருந்தது.

வேறு வழி இல்லை, எல்லாவற்றுக்கும் முன்னாலேயே காரணம் இருக்கிறது என்று வருஷக்கணக்காக வகுப்பில் சொன்னேன். அது தப்பான பாடம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் யோசித்து, வாதாடி, இன்னும் முடிவுக்கு வராத விஷயம் அது. ஆனால் நான் அதை ஏன் அவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். அடிபட்டு அடிபட்டு நீ வளர்ந்தாய். பிறகு குடித்தாய். ஒவ்வொரு தடவையும் அப்பாவிடமிருந்து வந்தது என்று சொன்னேன். பாதி என்னிடமிருந்து வந்தது.

என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தாய். நீ மன்னித்தது வழி தெரியாமல் போன ஒரு பெண்ணை. அது எனக்குச் சேராது, திருப்பி எடுத்துக்கொள்.

நேரில் வர வேண்டும் போலிருக்கிறது. வரட்டுமா?

அக்கா


மே 20

அக்கா,

இங்கே மூவரும் சுகம். அங்கே எப்படி என்று கேட்கிறேன், கேட்க மனசில்லாமல்தான் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து பதின்மூன்று நாள் ஆகிறது. பதில் எழுத முடியாமல் இல்லை. எழுதவில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றுமே தோன்றவில்லை, சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், சித்தி வீட்டில் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் எனக்கு எந்த இடத்தில் படுக்கை போட்டிருப்பார்கள் என்று நினைப்பு வந்தது. அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிந்தேன். மகள் பயந்துவிட்டாள். உட்கார வைத்து, இது அத்தை மேல் உள்ள கோபம், உன் மேல் இல்லை என்று சொன்னேன். "அத்தை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள். உன் அத்தையே வந்து சொல்வாள் என்று சொல்லியிருக்கிறேன்.

மன்னித்ததைத் திருப்பி எடுத்துவிட்டேன். நீ சொன்னது சரி, அது உனக்குச் சேராது. புதிதாகக் கொடுப்பதா என்று தெரியவில்லை. உன்னை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. இரண்டும் தானாக வருகின்றன. தானாக வருவதை வைத்து முடிவு செய்யப்போவதில்லை. நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வா. ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். வீட்டு வழி உனக்குத் தெரியும். நீ மணி அடித்தால் என் மனைவி எழுந்திருப்பாள், அவளை உட்காரச் சொல்லிவிடுவேன்.

கதவை நான் திறக்கிறேன்.

தம்பி